பிணத்தை முதலில் பார்த்தது யார்?

2023 ஜனவரியில், லீட்ஸில் எங்கள் வீட்டு வாசலில் குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு போகும்போது வழுக்கி விழுந்தேன். தரையில் பனி கண்ணாடி மாதிரி உறைந்திருந்தது, கண்ணுக்கே தெரியவில்லை. வலது கணுக்காலில் எலும்பு முறிவு. ஆறு வாரம் கட்டு, காலை ஊன்றவே கூடாது என்றார்கள். கணவர் காலை ஏழரைக்குக் கிளம்பினால் இரவு ஏழுக்குத்தான் வருவார். வீட்டில் மிச்சம் நானும் அப்பாவும்.

அப்பா நவம்பரில் தனியாக வந்திருந்தார். அம்மாவும் சேர்ந்து வருவதாகத்தான் பேச்சு; தம்பி வீட்டில் கைக்குழந்தை என்று அம்மா சென்னையிலேயே நின்றுவிட்டாள். அப்பாவுக்குச் சொந்த ஊர் காரைக்கால். முப்பது வருடத்துக்கு மேல் கோர்ட்டில் வேலை பார்த்து, பெஞ்ச் கிளார்க்காக ஓய்வு பெற்றவர். நாள் முழுக்க மற்றவர்கள் பேசியதைக் கேட்டே சம்பளம் வாங்கியதாலோ என்னவோ, வீட்டில் பேச மாட்டார். கேட்ட கேள்விக்குப் பதில், அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. நான் அதற்கு நேர் எதிர். இரண்டு நிமிடம் அமைதியாக இருந்தால் எனக்கு யாரோ கோபித்துக்கொண்டது போல் இருக்கும்.

நடக்க முடியாத நானும், அந்தக் குளிரில் நடந்து போக இடமில்லாத அவரும் ஒரே அறையில். மூன்று மணிக்கே வெளிச்சம் மங்கிவிடும். மூன்றாம் நாள் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

டிவி போடலாம் என்று நினைத்தேன். முதலில் நான் தேர்ந்தெடுத்தது எல்லோரும் புகழ்ந்த ஒரு சீரியஸான துப்பறியும் தொடர். பத்தாவது நிமிடத்தில் ஒரு குழந்தையின் உடலைக் காட்டினார்கள். அப்பா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். வாழ்நாளெல்லாம் போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டுக்கு எண் போட்டு அடுக்கியவருக்கு நான் காட்டத் தேர்ந்தெடுத்தது அது. இன்றைக்கும் யாராவது பெற்றோரோடு உட்கார்ந்து பார்க்க ஒரு கிரைம் தொடர் சொல் என்று கேட்டால், முதல் எபிசோடின் முதல் கால் மணி நேரத்தை நீங்கள் மட்டும் தனியாகப் பார்த்துவிடுங்கள் என்பேன். மதிப்பெண், விருது எல்லாம் அப்புறம்.

அடுத்த நாள் பிபிசி ஐபிளேயரில் 'டெத் இன் பாரடைஸ்' முதல் சீசன் போட்டேன். நானே அதுவரை முழுசாகப் பார்த்ததில்லை. வெயிலாவது கண்ணில் படட்டும் என்றுதான் போட்டேன், உண்மையில் வேறு காரணம் இல்லை.

தெரியாதவர்களுக்குக் கதை: கரீபியன் கடலில் செயின்ட் மரீ என்று ஒரு கற்பனைத் தீவு. அங்கே ஒரு பிரிட்டிஷ் போலீஸ் அதிகாரி, உள்ளேயிருந்து பூட்டிய ஒரு பாதுகாப்பு அறைக்குள் சுடப்பட்டுக் கிடக்கிறார். விசாரிக்க லண்டன் க்ராய்டனிலிருந்து ரிச்சர்ட் பூல் என்ற இன்ஸ்பெக்டரை அனுப்புகிறார்கள். பென் மில்லர் நடித்தார். கோட்டு, டை, பெட்டி. மணல் ஆகாது, கடல் ஆகாது, மீன் ஆகாது, வெயில் ஆகவே ஆகாது; நல்ல டீ கிடைக்கவில்லை என்பதுதான் அவருடைய நிரந்தரப் புகார். சந்தேகத்தில் ஒரு பெண்ணைத் துரத்திக் கைது செய்கிறார். பார்த்தால் அவள் ரகசியமாக வேலை செய்துகொண்டிருந்த போலீஸ்காரி, கமீல் போர்டே. சாரா மார்டின்ஸ் நடித்தது. அவள்தான் அவருக்கு ஜோடி அதிகாரி ஆகிறாள். அவருக்குப் பிரெஞ்சுக்காரர்களைக் கண்டால் ஆகாது; அவள் பிரெஞ்சு. கேஸ் முடிந்து ஊருக்குக் கிளம்பலாம் என்று பெருமூச்சு விடும்போது, இங்கேயே இருந்துவிடு என்று உத்தரவு வருகிறது. கடற்கரையில் ஒரு மரவீடு, அதற்குள் ஹாரி என்று ஒரு பச்சைப் பல்லி. அதுவும் கம்ப்யூட்டரில் வரைந்த பல்லி.

முதல் எபிசோடு முடிவில் பூல் எல்லோரையும் ஓர் அறையில் கூட்டி, நடந்ததை அடுக்கிச் சொல்லி, கொலைகாரரை விரல் நீட்டிக் காட்டினார். கொலைகாரரும் ஒப்புக்கொண்டாயிற்று.

அப்பா வாய் திறந்தார். "இது கோர்ட்டில் நிக்காது."

"ஏம்ப்பா?"

"போலீஸ்காரன்கிட்ட சொன்ன ஒப்புதல். சாட்சியச் சட்டம் இருபத்தஞ்சாவது பிரிவு. செல்லாது."

"அது நம்ம ஊர்ச் சட்டம்பா."

"எந்த ஊரா இருந்தாலும் சரி. சாட்சி எங்க? சான்றுப் பொருள் எங்க? பொருளைக் கைப்பற்றின மகஜர்ல கையெழுத்துப் போட ரெண்டு பேர் எங்க?"

இரண்டு மாதத்தில் அவர் என்னிடம் சேர்ந்தாற்போல் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். உடனே அடுத்த எபிசோடைப் போட்டேன்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் அதில்லாமல் எதுவும் நடந்திருக்காது: ஆங்கில சப்டைட்டில். அப்பா கோர்ட் ஆங்கிலத்தில் ஊறியவர், முப்பது பக்கத் தீர்ப்பை ஒரே மூச்சில் படிப்பார். ஆனால் கரீபியன் உச்சரிப்போ லண்டன் உச்சரிப்போ அவர் காதில் ஏறாது. நான் முதலில் வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். இருவருக்கும் எரிச்சல். எழுத்தைப் போட்டதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதற்குப் பின் நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: யார் யாருக்கு என்ன உறவு. அதைக்கூட சந்தேகப்படுகிற நாலு பேரும் திரையில் வந்த பிறகு, ஒரு முறை நிறுத்தி, மொத்தமாகச் சொல்வேன். நடுநடுவே நிறுத்தவே மாட்டேன். பெரியவர்களோடு பார்க்கிறவர்கள் இதை முயன்று பாருங்கள். பாதிச் சண்டை குறையும்.

இரண்டாம் வாரம் அப்பா ஒரு நோட்டு எடுத்துக்கொண்டார். நான் மருந்து வேளை எழுத வாங்கியது. கோடு போட்டு நாலு பத்தி பிரித்தார். உயிரோடு கடைசியாகப் பார்த்தது யார். பிணத்தை முதலில் பார்த்தது யார். கண்ணால் பார்த்தது என்ன. காதால் மட்டும் கேட்டது என்ன. கீழே 'சா.பொ. 1, சா.பொ. 2' என்று சான்றுப் பொருள்களுக்கு வரிசை எண்: உடைந்த கண்ணாடி, ஈரமான துண்டு, நின்றுபோன கடிகாரம். பேனாவை வாயில் கவ்விக்கொண்டு, கம்பளித் தொப்பியும் ஸ்வெட்டரும் போட்டு, கீழே கைலி கட்டி, அதற்குள் தெர்மல் பேன்ட். கொதிக்கும் வெயிலில் கோட்டைக் கழற்றாத பூல் திரையில். உறைபனியில் கைலியை விடாத அப்பா சோபாவில். டீ பற்றிய புகார் இருவருக்கும் ஒன்று. எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. அவருக்கு ஏன் என்று தெரியாது.

அந்த நோட்டிலிருந்து நான் கற்றது நிறைய. இந்த மாதிரித் தொடர்களில் கொலை நடக்கிற நேரத்தில் சந்தேகப்படுகிற எல்லோரும் வேறு எங்கோ இருப்பார்கள், அதுவும் பத்துப் பேர் பார்க்க. நான் உடனே 'எப்படிச் செய்திருப்பார்' என்று மண்டையைக் குடைவேன். அப்பா அந்தப் பக்கமே போக மாட்டார். "அப்பதான் செத்தான்னு யார் சொன்னது?" என்று கேட்பார். பெரும்பாலும் விடை அங்கேதான் இருக்கும். நாம் நினைக்கிற நேரத்தில் ஆள் சாகவில்லை. கொஞ்சம் முன்னாலோ, கொஞ்சம் பின்னாலோ. வேட்டுச் சத்தம் கேட்டது என்றால் சத்தம்தான் கேட்டது, சுட்டதை யாரும் பார்க்கவில்லை. பிணத்தை முதலில் பார்த்தவர் உள்ளே தனியாகச் சில நொடி இருந்திருப்பார், அந்தச் சில நொடி போதும். "பார்த்த சாட்சி வேற, கேட்ட சாட்சி வேறம்மா" என்பார். நான் நாலு முறை சரியாகக் கண்டுபிடித்தேன். அவர் பதினொன்று.

இன்னொரு காரணமும் உண்டு. இத்தனை வருடம் இங்கே இருந்ததில் எனக்கு பிரிட்டிஷ் டிவி நடிகர்கள் முகம் பழக்கம். சந்தேகப்படுகிற நாலு பேரில் யார் பெரிய நடிகரோ அவர்தான் என்று கண் தானாகப் போய்விடும். அது பல நேரம் சரியாகவும் இருக்கும், ஆனால் அதில் என்ன ருசி? சில நேரம் அதையே வைத்து ஏமாற்றியும் விடுவார்கள். அப்பாவுக்கு எல்லா முகமும் ஒன்று. போனை எடுத்து நடிகர் பெயர் தேடுகிற பழக்கம் உள்ளவர்கள், பார்க்கும் அந்த ஒரு மணி நேரமாவது போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள். எபிசோடுக்குக் கீழே இருக்கும் இரண்டு வரிச் சுருக்கத்தையும் படிக்காதீர்கள்.

ஆனால் புதிருக்காக மட்டும் யாரும் முப்பது எபிசோடு பார்க்க மாட்டார்கள். புதிர் எல்லாம் ஒரே அச்சு. டைட்டிலுக்கு முன் கொலை, வெள்ளைப் பலகையில் போட்டோக்கள், முக்கால் மணி நேரம் குழப்பம், யாரோ எதையோ சாதாரணமாகச் சொல்ல இன்ஸ்பெக்டர் கண் விரிகிறது, எல்லோரையும் கூட்டு, கடைசியில் கமீலின் அம்மா கேத்தரின் நடத்தும் பாரில் ஒரு கிளாஸ். இது அப்பாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாங்கள் காத்திருந்தது அந்த இரண்டு பேரும் காரில் ஏறும் காட்சிக்கு.

பொருந்தாத ஜோடி நமக்கொன்றும் புதிதில்லை. அப்பா தலைமுறைக்கு சுஜாதாவின் கணேஷும் வசந்தும் இருந்தார்கள். நிதானமான வக்கீல், ஜூனியராகக் குறும்புக்கார வசந்த். வசந்த் திருந்திவிட்டால் யார் படிப்பார்கள்? இந்தத் தொடரிலும் அதுதான் சூட்சுமம் என்று எனக்குத் தோன்றியது. பூல் பொருளைப் பார்க்கிறார்: நாற்காலி ஏன் இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, கண்ணாடி ஏன் காய்ந்திருக்கிறது. கமீல் ஆளைப் பார்க்கிறாள்: இவள் ஏன் அழவில்லை, அவன் ஏன் அவசரமாகச் சிரிக்கிறான். பாதி அவரிடம், பாதி அவளிடம். அவள் அவரைக் கேலி செய்வாள், கடலில் இறங்கச் சொல்வாள். ஆனால் அவர் கோட்டை அவள் உருவுவதில்லை. அவர் அவளுடைய அவசரத்தைக் குறை சொல்வார். ஆனால் அவள் சொன்னதைக் குறித்துக்கொள்வார். யாரும் யாரையும் சரிசெய்து முடிப்பதில்லை.

இப்படிப்பட்ட ஜோடி காதலித்துவிட்டால் தொடர் செத்துவிடும் என்று ஒரு பழைய நம்பிக்கை. 1985 முதல் 1989 வரை அமெரிக்காவில் வந்த 'மூன்லைட்டிங்' தொடரைத்தான் உதாரணம் காட்டுவார்கள். புரூஸ் வில்லிஸும் சிபில் ஷெப்பர்டும் நடித்தது. ஆனால் அங்கே நாயகிக்கு நிஜமாகவே பிரசவம், நாயகனுக்கு சினிமா வாய்ப்பு, நடுவில் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் என்று ஆயிரம் இடைஞ்சல். 'காசில்' தொடரில் நாவலாசிரியரும் பெண் துப்பறிவாளரும் நாலாவது சீசன் முடிவில், 2012-இல் சேர்ந்துவிட்டார்கள். அதன் பிறகும் நாலு சீசன் ஓடியது. சேர்வதால் ஒன்றும் ஆவதில்லை. ஒருவர் மற்றவர் மாதிரி ஆகிவிட்டால்தான் பார்க்க ஒன்றும் இருக்காது.

ஒரு நாள் இந்தத் தொடர் எப்படித் தோன்றியது என்று எங்கோ படித்ததை அப்பாவிடம் சொன்னேன். இதை எழுதிய ராபர்ட் தரோகுட், 2007 உலகக் கோப்பையின்போது பாகிஸ்தான் அணியின் பயிற்சியாளர் பாப் உல்மர் ஜமைக்கா ஓட்டலில் இறந்துகிடந்த செய்தியிலிருந்துதான் யோசனையைப் பிடித்திருக்கிறார். அங்கே விசாரணையில் ஸ்காட்லாந்து யார்டு ஆள் ஒருவர் இருந்தார். கரீபியன் வெயிலில் ஒரு லண்டன் போலீஸ்காரர் என்றால் எப்படி இருக்கும் என்று இவருக்குத் தோன்றிவிட்டது. உல்மர் சாவை முதலில் கொலை என்றார்கள், பிறகு இயற்கை மரணம் என்றார்கள், ஜூரி எதையும் உறுதியாகச் சொல்லாமல் விட்டது. தொடர் 2011 அக்டோபரில்தான் பிபிசியில் வந்தது.

"மார்ச் பதினேழு" என்றார் அப்பா. "அன்னிக்குத்தான் நாமும் பங்களாதேஷ்கிட்ட தோத்தோம். அவங்க அயர்லாந்துகிட்ட. மறுநாள் இந்தச் செய்தி." எனக்கு அப்போது பிளஸ் டூ பரீட்சை. அன்று இரவு அப்பா டிவியை அணைத்துவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தது எனக்கு நினைவிருக்கிறது. அது அவருக்கும் நினைவிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் அடுத்த வாரம் வந்தது. கூட்டத்தில் நின்ற ஒரு பெண்ணின் தலைக்கட்டைப் பார்த்து, "இது நம்ம கைலித் துணில்ல?" என்றார். கட்டம் போட்ட பருத்தி. நிறுத்திப் பார்த்தால் அச்சு அசல். செயின்ட் மரீ கற்பனைத் தீவுதான். ஆனால் படம் பிடித்தது குவாதலூப்பில், தெஷே என்ற கடலோரச் சிற்றூரில். தொடரில் போலீஸ் ஸ்டேஷனாகக் காட்டும் கட்டடம் அங்கே தேவாலயத்தை ஒட்டி இருக்கிறது. பிரிட்டிஷ் தீவு என்று காட்டுகிற இடம் பிரான்ஸின் பகுதி. பிரெஞ்சுத் தொலைக்காட்சியிலும் இது ஓடுகிறது.

குவாதலூப் என்றதும் அப்பா நோட்டை மூடி வைத்துவிட்டார். "அது நம்ம ஊரிலிருந்து கப்பல் போன இடம்."

காரைக்கால்காரர்களுக்கு இது கதையாகத் தெரியும், கணக்காகத் தெரியாது. அன்று இரவு உட்கார்ந்து தேடினோம். 1848-இல் பிரெஞ்சுக் காலனிகளில் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும். புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளைக் கப்பல் ஏற்றினார்கள். முதல் கப்பல் 1854 டிசம்பரில் குவாதலூப் சேர்ந்தது. 1880-களின் இறுதிவரை போனவர்கள் 40,000-க்கும் மேல், அதில் நிறையப் பேர் தமிழர்கள். அந்தக் கட்டத் துணிக்கு அங்கே இன்றும் பெயர் 'மதராஸ்'. மசாலாக் குழம்புக்குப் பெயர் 'கொலம்போ'. கப்பேஸ்தேர் என்ற ஊரில் கோபுரத்தோடு கோயில் இருக்கிறது. அதே ஊரில் 1863-இல் பிறந்த ஆன்ரி சிதம்பரம் என்பவர், இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமையும் ஓட்டுரிமையும் வேண்டும் என்று 1904-இல் தொடங்கி 1923 வரை வழக்காடி ஜெயித்திருக்கிறார்.

"பத்தொன்பது வருஷம்" என்றார் அப்பா. எத்தனை வாய்தா, எத்தனை ஆவணம் என்று அவர் மனதில் ஓடியிருக்கும். "இந்தப் பேரை எனக்கு யாரும் சொல்லலையே."

அந்த மனிதர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள் பார்த்த எபிசோடுகளில் எங்கள் கண்ணில் பெரிதாகப் படவில்லை. தொடரின் குறை ஒன்று அதுதான். இன்னொன்றை அப்பாவே சொன்னார்: "அத்தனை பேரும் கெட்டிக்காரங்களா இருக்காங்க. ஆனா கண்டுபிடிக்கிறதுக்கு மட்டும் ஒரு வெள்ளைக்காரன் வரணும்." அந்த நாற்காலியில் ஒரு கறுப்பின நடிகர், டான் கில்லே, உட்கார 2024 டிசம்பர் வரை ஆனது.

சரி, இப்போது நான் செய்த பெரிய தப்பு. இந்தத் தொடரை இனிமேல்தான் பார்க்கப் போகிறவர்கள் அடுத்த மூன்று பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

மூன்றாவது சீசன் முதல் எபிசோடு. பூலுடைய கல்லூரி நண்பர்கள் தீவுக்கு வருகிறார்கள், பார்ட்டி நடக்கிறது. டைட்டிலுக்கு முன் நாற்காலியில் ஒருவர் செத்துக்கிடக்கிறார், பனிக்கட்டி உடைக்கும் ஊசி நெஞ்சில். அது பூல். வருடத்தில் பாதியைக் குடும்பத்தை விட்டு அந்தத் தீவிலேயே கழிக்க வேண்டியிருந்ததால் பென் மில்லர் விலகிக்கொண்டார். அதனால் பாத்திரத்தைக் கொன்றுவிட்டார்கள். 2014-இல் வந்த எபிசோடு, இங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம், எனக்கும் தெரியும். அப்பாவிடம் சொல்லவில்லை. ஆச்சரியப்படட்டுமே என்று விட்டுவிட்டேன்.

அவர் ஆச்சரியப்படவில்லை. பேனாவை மூடினார். நாலு பத்தி நோட்டில் முதல் பத்தியில் எழுத வேண்டிய பெயரை எழுதவில்லை. கடைசிவரை பார்த்தார். கமீல் அழுகையை அடக்கிக்கொண்டு வேலை பார்க்கிற இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புதிதாக ஹம்ஃப்ரி குட்மேன் என்று ஒருவர், கிரிஸ் மார்ஷல், எதையாவது தட்டிவிட்டுக்கொண்டே வந்து கேஸை முடித்தார். "ம்" என்றார் அப்பா. டீ போட்டார், எனக்குக் கொடுத்தார், மாடிக்குப் போய்விட்டார். மறுநாள் டிவி பக்கமே வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

நாயகன் மாறுகிற தொடர் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், யார் சாவு என்று சொல்ல வேண்டாம், ஆள் மாறும் என்று மட்டும். அப்புறம் நாலு நாள் இடைவெளி விடுங்கள். நான் அன்று மாலையே 'அடுத்தது போடட்டுமா' என்று கேட்டிருக்கக் கூடாது.

மூன்றாம் நாள் அவராகவே வந்து உட்கார்ந்தார். "போடு. மாற்றலாகி வந்தவரை வேண்டாம்னு சொல்ல முடியுமா?"

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். அவர் காலத்தில் பதினாலு மாஜிஸ்திரேட் வந்து போனார்கள். ஒருவருக்குக் கேஸ் கட்டு இடப்பக்கம் வேண்டும், ஒருவருக்கு வலப்பக்கம். ஒருவர் எதையும் உரக்கப் படிக்கச் சொல்வார், ஒருவருக்குச் சத்தமே ஆகாது. ஒருவரைப் பழகி முடிக்கும்போது மாற்றல் வந்துவிடும். கோர்ட்டும் பெஞ்ச் கிளார்க்கும் அங்கேயே. அப்போதுதான் எனக்கு உறைத்தது, இத்தனை நாளும் அவர் பூலைப் பார்க்கவில்லை; கமீலையும், டுவெய்ன் என்ற அந்தச் சோம்பேறி போலீஸ்காரனையும் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியூரிலிருந்து வந்த ஐயா ஒருவர், ஊர் தெரிந்த ஆள் இன்னொருவர். எனக்கு அது காதலா சண்டையா என்ற விளையாட்டு. அவருக்கு அது ஆபீஸ்.

"பூல் மாதிரியே ஒருத்தர் இருந்தார்" என்றார்.

கடல் இல்லாத ஊர்க்காரர், இளம் வயது. மே மாசம் கரண்ட் போனாலும் கறுப்புக் கோட்டைக் கழற்ற மாட்டார். அப்பா ஒரு பனையோலை விசிறி கொண்டுபோய் வைத்தார். "கோர்ட்டில் விசிறக் கூடாது" என்று எடுத்து உள்ளே வைத்துவிட்டார். அப்பாவுக்கு அவரைப் பிடிக்கவில்லை. அவருக்கும் அப்பாவை அவ்வளவாகப் பிடிக்கவில்லை, 'ரொம்ப மெதுவாக வேலை பார்க்கிறீர்கள்' என்பார்.

ஓர் அடிதடி வழக்கு. சம்பவம் முந்தின வருடம் மே 10. எதிர்த்தரப்புச் சாட்சி கூண்டில் ஏறி, அன்று குற்றம் சாட்டப்பட்டவர் தன்னோடு விசைப்படகில் கடலில் இருந்தார் என்று சத்தியம் செய்தார். அழகாகச் சொன்னார். யாரும் அந்தத் தேதியை எதோடும் முடிச்சுப் போடவில்லை. சாட்சி விசாரணை மறுநாளும் தொடர்வதாக ஒத்திவைத்தார்கள். அப்பா எழுதிக்கொண்டிருந்தார். அவர் பேசக் கூடாது, அது அவர் வேலை இல்லை.

சாயந்திரம் கையெழுத்துக்குக் கட்டு கொண்டுபோனபோது மாஜிஸ்திரேட் சாதாரணமாகக் கேட்டார்: "இது மீன் ஊர்தானே, ஏன் இப்படி விலை? நேத்து வீட்டுல வாங்கவே முடியல."

"தடைக்காலம்ங்கையா. ஏப்ரல் பதினஞ்சிலிருந்து நாப்பத்தஞ்சு நாள், விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. வருஷா வருஷம் இப்படித்தான்."

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார். அப்பாவைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் சாட்சியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நீங்கதானேப்பா சொல்லிக் கொடுத்தீங்க?"

"நான் மீன் விலைதான் சொன்னேன்" என்றார் அப்பா. முகத்தில் ஒரு சிரிப்பு, அதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "அதுக்கப்புறம் அந்த ஐயா விசிறியை எடுத்து மேஜை மேல வச்சுட்டார். வீசலை. ஆனா மேஜை மேல இருந்துச்சு."

நாற்பது நிமிடம் பேசினார். ஹம்ஃப்ரி திரையில் அப்படியே உறைந்து நின்றிருந்தார். நான் ரிமோட்டைத் தொடவில்லை. வாயையும் திறக்கவில்லை, எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

கட்டுப் பிரித்தார்கள், நடக்கப் பழகினேன், ஏப்ரல் கடைசியில் அப்பா ஊருக்குப் போய்விட்டார். நோட்டை எடுத்துக்கொண்டு போனார். இப்போது புது எபிசோடு இங்கே வந்ததும் மறுநாள் காலை போன் செய்வேன். அங்கே அவர் மதியச் சாப்பாடு முடித்திருப்பார். நான் கேஸைச் சொல்ல வேண்டும்: இடம், நேரம், நாலு பேர், யார் எங்கே இருந்தார்கள். எனக்குத் தெரிந்த முடிவைச் சொல்லக் கூடாது. போன வாரம் ஒரு படகு, ஒரு கேக், இரண்டு அண்ணன் தம்பி என்று நான் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டு போனேன். பக்கம் புரட்டுகிற சத்தம் கேட்டது. பின்னால் அம்மா, "இன்னும் முடியலையா உங்க கொலை?" என்று கேட்டாள்.

"இரு இரு" என்றார் அப்பா. "அதெல்லாம் அப்புறம். பிணத்தை முதல்ல பார்த்தது யாரு?"